இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்கு உரிமச் சண்டை எதற்கு?

"எல்லாரும் இலவசமாகத்தானே கொடுக்கிறார்கள், பிறகு லினக்ஸ்காரர்களும் பிஎஸ்டிகாரர்களும் ஏன் உரிமத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸும் பிஎஸ்டியும் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு இயங்குதளக் குடும்பங்கள்; முன்னதன் கர்னல் வருவது ஜிபிஎல் என்ற உரிமத்தில், பின்னது பிஎஸ்டி என்ற உரிமத்தில். அநேகமாக நீங்கள் மாணவர். இறுதியாண்டுத் திட்டத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து நிரலை எடுத்து ஒட்டியிருப்பீர்கள், யாரோ பயமுறுத்தியிருப்பார். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎல் வெறியன் என்று திட்ட வருபவர்களுக்கு ஒரு தகவல்: என் வீட்டு இணைய இணைப்பைக் காப்பது பிஎஸ்டி குடும்பத்தைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டி ஓடும் ஒரு பழைய கணினிதான்.

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், வைஃபை கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்து ஓடும் மென்பொருள்) பிரிவில் இருந்தேன். எங்கள் பெட்டிக்குள் ஓடியது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலும், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸும். இரண்டுமே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. ஒரு தீபாவளி வாரத்தில், ஜெர்மனியில் எங்கள் பெட்டியை வாங்கிய ஒருவர் மூலநிரல் கேட்டு எழுதினார். ஓசியில் எடுத்ததை எதற்கு ஒருவனுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் வேறு, "தம்பி, உனக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனியா, ஜிபிஎல்லா?" என்றார்.

"அண்ணே, அந்தக் கர்னலுக்கு நாம் ஒரு வெள்ளியாவது கொடுத்தோமா? கேட்டால் நிரலைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் விலை" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அந்த உரிமம் நிரலோடு நிற்பதில்லை. கருவியில் ஏறிய கோப்பை உருவாக்கவும் நிறுவவும் பயன்பட்ட ஸ்கிரிப்டுகளையும் (கட்டளைக் கோப்புகள்) கேட்கிறது. நிரலைக் கூடவே தராதவர், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து வாக்குறுதி தர வேண்டும். எங்கள் ஸ்கிரிப்டை எழுதியவரோ வேலையை விட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். அவருக்குப் போன் போட்டு, பழைய சர்வரைத் துழாவி, பெட்டியில் ஓடுவதும் நான் கட்டுவதும் ஒத்துவரும்வரை உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கு நமக்கு ஒருநாள்தான் பொது விடுமுறை. அது அரசாங்கக் கணக்கு, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சரக்கு ஏற்றும் தேதியை ஆண்டுதோறும் சரியாக அந்த வாரத்திலேயே வைக்கும் திட்டமிடல் பிரிவை என்னவென்று சொல்வது? வீட்டில் முறுக்கு சுடும்போது ஒரு வருடமாவது நான் இருந்திருப்பேனா?

போகட்டும். பிஸிபாக்ஸின் உரிமத்தை மீறியதற்காக அமெரிக்காவில் 2007 முதல் வழக்குகளே நடந்தன என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் மேலாளர் அசைந்தார். அதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. வழக்குப் போட்ட இருவரில் ஒருவரான ராப் லாண்ட்லி பின்னால் மனம் மாறினார். வழக்குகளால் பிஸிபாக்ஸுக்குப் பயனுள்ள நிரல் எதுவும் வந்து சேரவில்லை என்பது அவர் குறை. அதே வேலையைச் செய்யும் டாய்பாக்ஸை நிபந்தனையே இல்லாத அளவுக்குத் தளர்வான உரிமத்தில் வெளியிட்டார். 2015இல் ஆண்ட்ராய்டு 6 அதைச் சேர்த்துக்கொண்டது. மூத்தவர் இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, அதற்கு மாறிவிடலாம்" என்றார். மாறலாம், தாராளமாக. கர்னலை என்ன செய்வது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. பிஎஸ்டிகாரர்கள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காதே என்பார்கள், அவ்வளவுதான். 2007இல் அதெரோஸ் வைஃபை சில்லுகளுக்காக ஓபன்பிஎஸ்டி நிரலாளர் ரெய்க் ஃப்ளோட்டர் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுபோக முயன்றபோது, அவருடைய குறிப்பை நீக்கி ஜிபிஎல் குறிப்பைப் போட்ட ஒரு திருத்தம் சுற்றுக்கு வந்தது. ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் கொதித்துப்போனார். நியாயம்தானே? எழுதியவர் சம்மதமில்லாமல் அவர் கொடுத்த உரிமத்தை இன்னொருவர் எப்படி மாற்றுவது?

இன்னொரு வருத்தமும் அவர்களுக்கு உண்டு. அவர்கள் நிரல் ஜிபிஎல் பக்கம் போகலாம். அங்கே திருத்தி ஜிபிஎல்லில் வெளியிட்டதை, அதன் நிபந்தனையை ஏற்காமல், இவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நிறுவனம் மூடி வைத்தால் அது நிறுவனப் புத்தி என்று விட்டுவிடலாம். தோழர்களே அப்படிச் செய்தால்? தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 1999இல் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. அது இல்லாத லினக்ஸ் சர்வரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கடுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னைப் போன்ற ஓர் ஊழியன் மேலாளர் முன்னால் நின்று வாதாட ஜிபிஎல்தான் கையில் ஒரு தாளைக் கொடுத்தது. பிஎஸ்டியாக இருந்திருந்தால் அந்த ஜெர்மன்காரருக்குப் பதில்கூடப் போயிருக்காது.

நீங்கள் எடுத்த கோப்புகளின் தலையில் உள்ள வரிகளில் கை வைக்காதீர்கள். லினக்ஸ் கர்னலிலிருந்து எடுத்த நிரலோடு அப்பாச்சி 2.0 என்ற உரிமத்தில் வந்த நிரலை ஒரே மென்பொருளாகக் கட்டி வெளியிடாதீர்கள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்போடு அது ஒத்துப்போகாது என்று ஜிபிஎல்லை எழுதிய அறக்கட்டளையே சொல்கிறது. மதிப்பெண்ணுக்காக ஆசிரியரிடம் மட்டும் காட்டுவதாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். வெளியிடும்போதுதான் இதெல்லாம்.