கேபிளை நிறுத்துவதற்கு முன்

வணக்கம். ஒட்டுசுட்டானில் உள்ள உங்கள் வீட்டில் 4ஜி ரூட்டர் பகலில் ஒழுங்காக இயங்கினாலும், இரவு ஏழு மணிக்குப் பின் இணையத்தில் பார்க்கும் படம் நின்று நின்று வருவதாகவும், இந்நிலையில் கேபிள் டிவி இணைப்பை நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இரவில் ஊர் முழுவதும் ஒரே கைத்தொலைபேசிக் கோபுரத்தைப் பயன்படுத்துவதால் வேகம் குறைவது இயல்பு. ஆயினும் ரூட்டர் தகரக் கூரையின் கீழ் இருந்தால் பாதிக் குற்றம் தகரத்தினுடையது. நெடுங்கேணியில் எங்கள் வீட்டில், அலுமாரியின் மேலிருந்த ரூட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலில் வைத்தவுடன், அதன் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்னும் சிக்னல் வலிமை அளவு −112 இலிருந்து −97 ஆக உயர்ந்தது (பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது). அதுவும் போதாவிடில், வெளி அன்ரனா பூட்டக்கூடிய ரூட்டரை வாங்கி, அன்ரனாவைக் கூரைக்கு மேலே குழாயில் ஏற்றுங்கள்.

டேட்டாவையும் கணக்கிடுங்கள். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 2.25 ஜிபியை விழுங்கும்; நாளுக்கு நான்கு மணி நேரம் பார்த்தால் மாதம் 270 ஜிபி ஆகிவிடும். 480பி தரத்துக்கு இறக்கினால் இதில் பாதிகூட வராது, உங்கள் அம்மாவின் கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அவர் பார்க்கும் தொடர்கள் இலங்கையில் திறக்கும் செயலியில் உள்ளனவா என்று உறுதிசெய்யும்வரை கேபிளை நிறுத்த வேண்டாம்.