மொட்டைமாடி யாருடையது?

வணக்கம் சார்,

இரண்டு வருடம் முன்பு மடிப்பாக்கத்தில் 72 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினோம். பதினோரு வருடப் பழைய கட்டடம், 24 வீடுகள். இஎம்ஐ 48,000. மனைவியின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. மெயின்டனன்ஸ் 3,000. அப்புறம் சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. வீட்டு விலையில் வருடத்துக்கு 1 சதவீதம் எடுத்துவைக்கச் சொல்கிறார்கள், சரிதானா? இப்போது அசோசியேஷன், பெரிய ரிப்பேர்களுக்குச் சேர்த்துவைக்கும் கார்ப்பஸ் ஃபண்டுக்கு மாதம் 1,200 கூடுதலாகக் கேட்கிறது. மொட்டைமாடி ஒழுகுகிறதாம். ஒழுகுவது நாலாவது மாடியில், நாங்கள் முதல் மாடி. எட்டு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நகையை அடகு வைத்து வீடு வாங்கியவருக்கு ஒவ்வொரு புதுச் செலவும் எப்படி வலிக்கும் என்று தெரியும். ஆனால் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

1 சதவீதக் கணக்கை விடுங்கள். சென்னையில் வீட்டு விலையில் பெரும்பங்கு மனைக்குப் போகிறது, மனைக்கு ரிப்பேர் கிடையாது. வரிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வருபவை, ஆறால் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதலிலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அவ்வளவுதான் அது.

மொட்டைமாடிக்கு வருவோம். தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள சுருக்கியில், அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கில், ஊறி நிற்கும். மழை விட்டு வாரக்கணக்கில் ஆனாலும் அந்த ஈரம் போகாது. அங்கிருந்து கான்கிரீட்டுக்குள் கசிந்து கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நாலாவது மாடிக்காரர் வீட்டில் காரை பெயர்ந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. பீம் வழியாகத் தூணுக்கு இறங்கும் ஈரம் தெரிவதில்லை. முதல் மாடியும் அதே தூணில்தான் நிற்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. தையில் நெல் விற்றதும் பாட்டி ஓடு மாற்றும் செலவுக்கு ஒரு தொகையைத் தகர டப்பாவில் போட்டுவிடுவாள். ஒரு வருடம் சித்தப்பா கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. அந்த டப்பாவைக் கேட்டார்கள். "கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், ஐப்பசியைத் தள்ளிவைக்க முடியுமா?" என்றாள், கொடுக்கவில்லை. புரட்டாசியில் ஆள் வந்து கூரைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு ஓடாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் திரும்ப வைப்பார், சத்தம் அடைத்தால் வாசலில் வீசுவார். நாங்கள் பொறுக்கிச் சில்லு விளையாடுவோம்.

பாட்டி போனபின் அப்பாவும் சித்தப்பாவும் வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு கூரைச் சரிவும் சேரும் கூடுவாய் பாகப்பிரிவினைக் கோட்டில் விழுந்தது. மழைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அது உன் பக்கம் என்று இவர், உன் பக்கம் என்று அவர். அவரவர் பக்கத்து ஓடுகளை மட்டும் ஒழுங்காக மாற்றினார்கள். கூடுவாய் ஒழுகி, அடியிலிருந்த தேக்கு உத்திரம் உள்ளேயே மக்கி, ஒரு கார்த்திகை இரவில் இரண்டு பாதியும் சேர்ந்துதான் இறங்கியது. யாரும் உள்ளே இல்லாதது தெய்வச் செயல். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது நின்றதுதான்.

நீங்கள் எட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள்! உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனையில் பிரிபடாத பாகம் உங்களுக்கும் நாலாவது மாடிக்காரருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும். மொட்டைமாடி பொதுப்பகுதி, அதன் செலவும் பொது. நாளைக்கு லிஃப்டை மாற்ற வேண்டிவந்தால் கீழ்த்தளத்தார் இதே வாதத்தோடு வருவார்கள். புது லிஃப்ட் 15 லட்சம் என்று வையுங்கள். அன்றைக்கு வசூலித்தால் வீட்டுக்கு 62,500. இருபது வருடத்துக்குப் பரத்தினால் மாதம் 260 ரூபாய். 62,500-ஐ ஒரே நாளில் எடுத்துவைக்க பென்ஷனில் வாழ்பவரால் முடியுமா? உங்களால் முடியுமா? கட்டடம் இந்த மாதமும் ஒரு மாதம் பழசாகிறது. இந்த மாதம் அதில் குடியிருப்பவர்தான் அதற்குக் கொடுக்க வேண்டும், பத்து வருடம் கழித்து வாங்கப்போகிறவர் அல்ல.

ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுங்கள். கை இறுக்கமாக இருப்பதைக் கூட்டத்தில் சொல்ல வெட்கப்படாதீர்கள். இந்த வருடம் 600, நகையை மீட்டபின் 1,200 என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறந்தால் அந்த எட்டு வீட்டிலும் அதே கஷ்டத்தில் இருக்கிறவர்கள் தைரியமாகப் பேசுவார்கள். ஆனால் மழைக்கு முன் வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று நீங்களே முன்மொழியுங்கள்.