கரியமில வாயு சும்மா கிடைக்கும், ஹைட்ரஜன்?

எத்தனால் ஆலையில் வீணாகும் கரியமில வாயுவை, மரபணு மாற்றிய பாக்டீரியாவால் மறுபடி எத்தனாலாக்கலாமாமே! நெல்லிக்குப்பம் பக்கம் சிறிய அளவில் தொடங்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

வாயுவில் குறையில்லை. சர்க்கரை புளிக்கும்போது 46 கிலோ எத்தனாலுக்கு 44 கிலோ கரியமில வாயு வரும். கொதிகலன் புகைபோல் கலப்படமும் இருக்காது. ஆனால் அது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதில் சக்தி மிச்சமில்லை. பாக்டீரியாவுக்கு அதை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் ஹைட்ரஜன்.

88 கிலோ கரியமில வாயுவும் 12 கிலோ ஹைட்ரஜனும் சேர்ந்தால் 46 கிலோ எத்தனால், அதாவது ஏறக்குறைய 58 லிட்டர். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஆக, சேதாரம் பார்க்காமலே லிட்டருக்கு 10 யூனிட்டைத் தாண்டுகிறது. மின்கட்டண ரசீதைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சீனாவில் பாக்டீரியாவால் எத்தனால் செய்ய 2018-ல் தொடங்கிய ஆலை இரும்பு உருக்காலை வாயுவில் ஓடுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. சக்தி அதிலேயே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஹைட்ரஜனோ ஒரு லிட்டர் தண்ணீரில் 1.6 மில்லிகிராம்தான் கரையும். டிரம்மில் குழாய் விட்டால் குமிழாக வந்து மேலே போய்விடும். அழுத்தமும் நுண்குமிழும் வேண்டும். கசிந்து காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மரபணு மாற்றிய உயிரி என்றால் அதற்கென உள்ள மத்திய அரசின் 1989 விதிகளின்படி அனுமதியும் வாங்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் செய்கிற காரியமில்லை.

கரியமில வாயுவிலேயே வளரும் ஈ.கோலை பாக்டீரியாவை 2019-ல் உருவாக்கினார்களே?
– வாசகர், கடலூர்

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்தில். உடம்பின் கார்பன் முழுக்க அந்த வாயுவிலிருந்துதான். ஆனால் சக்திக்கு ஃபார்மேட் என்ற ஃபார்மிக் அமில உப்பைக் கொடுத்தார்கள். அதை எரித்து வெளிவிடும் வாயு, உள்ளே எடுப்பதைவிட அதிகம். அறிவியலுக்குப் பெரிய வெற்றி, வளிமண்டலத்துக்கு இன்னும் லாபமில்லை.

சுருள்பாசி (ஸ்பைருலினா) தொட்டியில் காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 11-ஐத் தொடுகிறது. கரியமில வாயு விடலாமா?
– வாசகர், புதுச்சேரி

தாராளமாக. பாசி பைகார்பனேட்டை உண்டபின் காரம் தங்குவதால்தான் பிஹெச் ஏறுகிறது. வாயு அந்தக் காரத்தைத் தணிக்கும். பிஹெச் 10.5-ல் வால்வைத் திறந்து 9.8-ல் மூடுங்கள். 9-க்குக் கீழே இறக்கினால் குளோரெல்லா என்ற வேறு பாசி புகுந்துவிடும். வெயில் இருக்கும்போது மட்டும் விடுங்கள். இரவில் பாசி எடுக்காது. ஒரு கிலோ உலர்பாசிக்கு 1.8 கிலோ வாயு தேவை. 20 செ.மீ. ஆழத் தொட்டியில் பெரிய குமிழ்கள் கரையுமுன் பறந்துவிடும், அதனால் நுண்துளைக் கல்லையே போடுங்கள். உணவுத் தர சிலிண்டர் மட்டும். ரெகுலேட்டரில் ஐஸ் கட்டினால் வேகமாகத் திறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.