பிளக்குக்கு லாக் போடணுமா? வந்த கேள்விங்களும் என் பதிலும்

பிளக் கழண்டு கழண்டு வருது, நல்லா லாக் ஆகற மாதிரி ஏதாவது சொல்லுங்கன்னு இந்த வாட்டி நெறைய பேர் கேட்டிருக்கீங்க. படிச்சு பாத்தா பாதி பேருக்கு தேவை லாக்கே இல்ல. பின்னை கடிச்சு பிடிக்கறது சாக்கெட் உள்ள இருக்கற பித்தளை ஸ்பிரிங்கோட வேலை, ஒயரு இழுபட்டா தாங்கறது கேபிள் கிளாம்ப்போட வேலை, பிளக் வெளிய வராம நிறுத்தறது மட்டும்தான் லாக்கோட வேலை. நம்ம ஆளுங்க மூணு வேலையையும் லாக் தலையில கட்டிட்டு அப்புறம் அது ஒடைஞ்சிடுச்சுன்னு வருத்தப்படறாங்க.

கேள்வி (ஆற்காடு பக்கம், மைக்செட் வச்சிருக்கறவர்): அக்னி வசந்த விழா சீசன்ல பத்து நாள் தெருக்கூத்து ஓடும், விடிய விடிய. நடு ராத்திரி யாராவது ஒயரை மிதிச்சு இழுத்துட்டா ஸ்பீக்கர் ஆஃப் ஆயிடுது, கட்டியங்காரன் பேசிட்டே இருப்பாரு சத்தமே வராது. த்ரீ பின் மேல டேப் சுத்தி வைக்கறோம். வேற வழி இருக்கா அண்ணா?

மொதல்ல அந்த டேப்பை பிரிங்க. பின்னு லூஸா இருந்து சூடாச்சுன்னா டேப் அதை மறைச்சிடும், பிளாஸ்டிக் உருகற வாசனை வந்தப்புறம்தான் தெரியும், அது பந்தலுக்கு பக்கத்துல நடக்கற விஷயமா இருக்கக் கூடாது.

மெயின் லைனுக்கு நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் பிளக் வாங்குங்க, ஐஇசி 60309ங்கற தரத்துல, 16 ஆம்ஸ், 230 வோல்ட். நீலம் 230க்கு, செவப்பு 400க்கு, மஞ்சள் 110க்கு, கலரை வச்சே கண்டுபிடிச்சிடலாம். இதுல சாக்கெட் மூடிக்கு ஸ்பிரிங் இருக்கும், பிளக்கை உள்ள தள்ளினதும் மூடி மேல வந்து உக்காந்து, அதுல இருக்கற கொக்கி பிளக் மேல இருக்கற சின்ன மேட்டுக்கு பின்னாடி மாட்டிக்கும். மூடியை கையால தூக்கினாதான் பிளக் வரும். துட்டும் ரொம்ப ஆகாது.

ஆம்ப், பவர்டு ஸ்பீக்கர் சைடுல நியூட்ரிக் கம்பெனியோட பவர்கான்ங்கற பிளக் ரகம் பாத்திருப்பீங்க, உள்ள வச்சு திருப்பினா டக்குனு லாக் விழும். நீலம் கரண்ட் உள்ள வர்றதுக்கு, சாம்பல் வெளிய போறதுக்கு, ஒண்ணு இன்னொண்ணுல நொழையாது. ஆனா ஒரு விஷயம், இந்த நீலம் சாம்பல் ரகத்தை லோடு ஓடும்போது, அதாவது மெஷின் கரண்ட் இழுத்துட்டு இருக்கும்போது, மாட்டவோ கழட்டவோ கூடாது, அதுக்கு அது செய்யவே இல்ல. ஓடும்போதே கழட்டற பழக்கம் உங்க பசங்களுக்கு இருந்தா (இருக்கும்) பவர்கான் ட்ரூ1 வாங்கிடுங்க, அது 16 ஆம்ஸ், லோடுல கழட்டினாலும் தாங்கற மாதிரி செஞ்சது.

இப்ப முக்கியமான பாயின்ட். இது வரைக்கும் யாராவது மிதிச்சா பிளக் கழண்டுச்சு, சத்தம் போச்சு, அவ்ளோதான். லாக் போட்டப்புறம் மிதிச்சா பிளக் வராது, அந்த இழுப்பு நேரா ஸ்டாண்டுக்கு போகும், மேல இருக்கற ஸ்பீக்கர் கீழ உக்காந்திருக்கற பசங்க மேல சாயும். அதனால கேபிளை ஸ்டாண்டோட அடிக்கால்ல ஒரு கட்டு கட்டிட்டு, அங்கேர்ந்து மேல தொளதொளன்னு ஒரு வளையம் வுட்டு அப்புறம் ஸ்பீக்கருக்கு கொண்டு போங்க. ஆளுங்க நடக்கற எடத்துல கேபிளை மேல தூக்கி கட்டுங்க, இல்ல ரப்பர் மேட் போட்டு மூடுங்க. லாக் வாங்கறதுக்கு முன்னாடி இதை பண்ணாலே பாதி ராத்திரி நிம்மதி.

கேள்வி (சத்துவாச்சாரி): ஏசி பிளக் சாக்கெட்ல தொங்குது, தொட்டா சூடு. லாக் வச்ச பிளக் மாத்தினா சரியாகுமா?

ஆகாதுங்க. ஸ்பிரிங் போயிடுச்சு, சாக்கெட்டை மாத்துங்க, கருத்துப் போன பிளக் டாப்பையும் சேத்தே மாத்துங்க, ஐஎஸ்ஐ முத்திரை பாத்து. கணக்கு சொல்றேன்: 16 ஆம்ஸ் ஓடற எடத்துல கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் (பின்னும் ஸ்பிரிங்கும் தொடற எடத்துல கரண்ட்டுக்கு வர்ற தடை) 5 மில்லி ஓம் இருந்தா 1.28 வாட் சூடு, பரவால்ல. அதே லூஸாகி 50 மில்லி ஓம் ஆச்சுன்னா 12.8 வாட், அந்த சின்ன பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள அது போக எடம் இல்ல. லாக் போட்டு அந்த லூஸை அங்கயே நிக்க வச்சீங்கன்னா சூடும் அங்கயே நிக்கும். மாத்தற வரைக்கும் ஏசி போடாதீங்க, வேலூர் வெயில்ல சொல்றது ஈஸி இல்லதான், இருந்தாலும்.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் ஃபேக்டரி மெயின்டனன்ஸ்): தோல் பதப்படுத்தற டிரம் பக்கத்துல எல்லாம் ஈரம். ஐபி67 (தூசி, தண்ணி உள்ள போகாத ரகம்) பிளக் போட்டும் உள்ள தண்ணி போகுது, கான்டாக்ட் கருப்பாகுது. லாக் ரிங் டைட்டாதான் இருக்கு.

டைட்டா இருக்கறது வேற, முழுசா திரும்பி இருக்கறது வேற. ஐபி44ல மூடி கொக்கி மட்டும்தான், தண்ணி தெறிச்சா தாங்கும், பீச்சி அடிச்சா தாங்காது. ஐபி67ல இருக்கற பேயனெட் ரிங் (திருப்பி மாட்டற வளையம்) வேற மாதிரி வேலை செய்யும். அதோட காடி சரிவா இருக்கும், ரிங்கை திருப்ப திருப்ப பிளக் சாக்கெட்டை நோக்கி இழுபட்டு நடுவுல இருக்கற ரப்பர் கேஸ்கெட் நசுங்கும். அந்த நசுங்கல்தான் தண்ணியை நிறுத்துது, ஆட்டம் இல்லாம பிடிக்கறதும் அதுதான். கேஸ்கெட்ல சுண்ணாம்பு, கொழுப்பு ஒட்டி இருந்தா ரிங் பாதியிலேயே இறுக ஆரம்பிச்சிடும், ஆளு டைட் ஆயிடுச்சுன்னு வுட்டுடுவான். கேஸ்கெட்டை தொடைங்க, ரிங் கடைசி வரைக்கும் போகுதான்னு பாக்க ரிங்லயும் சாக்கெட்லயும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, ரெண்டு கோடும் நேரா வந்தாதான் லாக். இன்னொண்ணு, பிளக்கை கழட்டி சாக்கெட்டை தொறந்து வுட்டா அந்த ஐபி67 கணக்கு அப்பவே முடிஞ்சுது, மூடியையும் ரிங் திருப்பி மூடணும். தனியா தொங்கற பிளக்குக்கும் மூடி வாங்கி மாட்டுங்க.

கருப்புக்கு காரணம் தண்ணி மட்டும் இல்ல. முடி எடுக்க சோடியம் சல்ஃபைடு போடறீங்க, அது ஆசிட் தண்ணியோட சேந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு கேஸ் வரும், அழுகின முட்டை நாத்தம், ஆளுக்கே ஆபத்தான கேஸ். காப்பர், பித்தளை, வெள்ளி மூணையும் அது கருப்பாக்கும். நிக்கல் பூசின கான்டாக்ட் கேட்டு வாங்குங்க, இந்த மாதிரி எடத்துக்குன்னே கெடைக்குது. உப்புத்தாள் போட்டு தேச்சு பளபளன்னு ஆக்காதீங்க, இருக்கற பூச்சும் போயிடும்.

கேள்வி (காட்பாடி, மெக்கானிக்கல் ஃபைனல் இயர்): 16 ஆம்ஸ் பிளக்குக்கு நானே ஸ்னாப் லாக் டிசைன் பண்றேன் சார். நெம்புகோல் 10 மிமீ நீளம், 2 மிமீ கனம், கொக்கி 1.5 மிமீ. 3டி பிரின்ட்ல அடியில ஒடைஞ்சுக்கிட்டே இருக்கு.

தம்பி, ஒடையறதுல ஆச்சரியமே இல்ல. ஒரு முனை கட்டி இருக்கற நெம்புகோலுக்கு அடியில வர்ற ஸ்ட்ரெயின் (பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் இழுபடுதுங்கறது) என்னன்னா, 1.5ஐ கனத்தாலயும் வளையற தூரத்தாலயும் பெருக்கி நீளத்தோட வர்க்கத்தால வகுக்கணும். உன்னோடது 4.5 சதவீதம் வருது. பாலிகார்பனேட்டே ஒரே ஒரு வாட்டி வளைக்க சுமார் 4 சதவீதம்தான் தாங்கும், திரும்ப திரும்ப வளைக்கணும்னா சுமார் 2.4 வரைக்கும்தான். இப்ப நீளத்தை மட்டும் 15 மிமீ ஆக்கு, வேற எதையும் தொடாத, 2 சதவீதத்துக்கு எறங்கிடும். எல்லாரும் ஒடைஞ்சா கனத்தை ஏத்துவாங்க, கனம் ஏத்தினா ஸ்ட்ரெயினும் ஏறும், இன்னும் சீக்கிரம் ஒடையும். அடி மூலையில கூர் வுடாத, கனத்துல பாதி அளவுக்கு ரவுண்டு குடு, அதாவது 1 மிமீ.

பிரின்ட் பண்ணும்போது நெம்புகோலை படுக்க வச்சு அடி, நிக்க வச்சா லேயர் லேயரா பிரிஞ்சு வரும். பிஎல்ஏங்கற 3டி பிரின்ட் பிளாஸ்டிக் ரிவ்யூல காட்டறதுக்கு மட்டும், 60 டிகிரி கிட்டயே எளகிடும், மே மாசம் நிறுத்தி வச்ச கார் உள்ளயே வளைஞ்சு போற சாமான் அது, கரண்ட் போற எடத்துல வேணாம். நெஜப் பொருளுக்கு பாலிகார்பனேட், பிபிடி, நைலான் 66 இதுல ஒண்ணு. கரண்ட் போற பாகத்தை பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் 850 டிகிரி க்ளோ ஒயர் டெஸ்ட் (பழுக்க சூடான கம்பியை வச்சு பாக்கறது) தாங்கணும், மத்த பாகத்துக்கு 650. நைலான் காத்துல இருக்கற ஈரத்தை குடிக்கும், அளவு கொஞ்சம் மாறும், டாலரன்ஸ்ல அதுக்கு எடம் வுடு.

கொக்கியோட முன் பக்கம் 30 டிகிரி சரிவு வை, ஈஸியா உள்ள போகும். பின் பக்கம் 90 டிகிரி, இல்லன்னா ஒரு பொட்டு உள்பக்கமா சாய்ச்சு வை, இழுக்க இழுக்க நல்லா மாட்டிக்கும். லாக் ஆன நெலைமையில நெம்புகோல் வளையாம நேரா இருக்கணும், இதை நெறைய பேர் வுட்டுடறாங்க. வளைஞ்சபடியே மாசக்கணக்கா இருந்தா பிளாஸ்டிக் அந்த வளைவுக்கே பழகிடும், பாலிகார்பனேட்ல வெடிப்பும் வுடும்.

டிக்குனு சத்தம் எப்ப வரணும்னு யோசிச்சியா? பின்னு கடைசி வரைக்கும் போனப்புறம்தான் வரணும். முக்கால் ஆழத்துல டிக்குனு கேட்டா மாட்டறவன் கைய எடுத்துடுவான், அரைகுறை கான்டாக்ட்ல கரண்ட் ஓடும். அரை லாக்னு ஒரு நெலைமையே இருக்கக் கூடாது, ஒண்ணு முழுசா மாட்டணும், இல்ல கைய வுட்டா தானா வெளிய தள்ளிக்கணும்.

கடைசியா உன்னோட படத்துல ரிலீஸ் பட்டன் வெறும் கொக்கியை தூக்குது. அது பத்தாது, லோடு ஓடும்போது யாரோ அமுக்கி இழுத்தா ஸ்பார்க் அவன் கையிலதான். 63, 125 ஆம்ஸ் இண்டஸ்ட்ரியல் பிளக்குல பைலட் பின்னுன்னு குட்டையா ஒண்ணு இருக்கு, அது கடைசியா சேந்து மொதல்ல பிரியும், அதை வச்சு கான்டாக்டரை (கரண்ட்டால இயங்கற பெரிய சுவிட்ச்) ஆஃப் பண்ணிடலாம், அப்ப மெயின் பின்னு பிரியறப்ப கரண்ட்டே இருக்காது. எர்த் அதுக்கு நேர் எதிர், மொதல்ல சேந்து கடைசியா பிரியணும், நம்ம வீட்டு த்ரீ பின்ல எர்த் நீளமா இருக்கறது அதுக்குத்தான். உன் பட்டன்லயும் ஒரு மைக்ரோ சுவிட்ச் வை, கொக்கி தூக்கறதுக்கு முன்னாடி லோடு கட் ஆகட்டும். இதை மட்டும் ஒழுங்கா பண்ணினாலே வைவால பாதி கேள்விக்கு பதில் ஆயிடும்.

கேள்வி (குருவராஜப்பேட்டை, பவர்லூம்): தறி அதிர்வுல பிளக் மெல்ல மெல்ல வெளிய வருது.

எப்பவும் ஒரே எடத்துல நிக்கற தறிக்கு பிளக் எதுக்குங்க? ஐசொலேட்டர் (லைனை முழுசா துண்டிக்கற சுவிட்ச்) வச்சு நேரா ஒயர் குடுத்துடுங்க. கண்டிப்பா பிளக்தான் வேணும்னா மேல சொன்ன ரிங் ரகம். கொக்கி ரகத்துல கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டத்துல பின்னு ஸ்பிரிங் மேல உராய்ஞ்சு உராய்ஞ்சு கருந்தூள் படியும், வெளிய பாத்தா லாக்கா இருக்கும் உள்ள கான்டாக்ட் போயிருக்கும். கேபிளை தறி ஃப்ரேமோட சேத்து கட்டி அங்கேர்ந்து ஒரு வளையம் வுட்டீங்கன்னா அதிர்வு பிளக்குக்கு வராது. பிளக் உள்ள எர்த் ஒயரை மத்ததை வுட கொஞ்சம் நீளமா வுடுங்க, கேபிள் பிச்சுக்கிட்டு வந்தாலும் எர்த் கடைசியா போகட்டும்.

கேள்வி (வேலூர், டயக்னாஸ்டிக் லேப்): யூபிஎஸ்லேர்ந்து மெஷினுக்கு போற கம்ப்யூட்டர் டைப் பவர் கார்டு கழண்டு ரன் பாதியில நிக்குது.

அந்த கார்டு முனைக்கு பேரு சி13. அதுலயே ஐஇசி லாக்னு ஒரு ரகம் கேட்டு வாங்குங்க, அது உள்ள எர்த் பின்னை கவ்விக்கும், சி13 மாட்டற எந்த மெஷின்லயும் மாட்டலாம். வி-லாக்னு இன்னொரு ரகம் வாங்கினா மெஷின் பக்கமும் அதுக்கான பள்ளம் இருக்கணும், இல்லன்னா வேஸ்ட்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி): ஃபிட்டர் மெஷின் உள்ள கைய வுட்டிருக்கும்போது வேற ஒருத்தன் பிளக்கை சொருகிட்டான், நல்ல வேளை ஒண்ணும் ஆகல. இதுக்கு லாக் உண்டா?

உண்டு, இதை தள்ளிப் போடாதீங்க. கழட்டின பிளக்கை மூடற பிளாஸ்டிக் பொட்டி கெடைக்கும், பிளக்கை உள்ள வச்சு மூடி பூட்டு போட்டுடணும், சாவி மெஷின்ல கை வைக்கறவர் பாக்கெட்லதான் இருக்கணும், சூப்பர்வைசர் டேபிள்ல இல்ல. ரெண்டு பேர் வேலை செஞ்சா ரெண்டு பூட்டு.

புதுசா லைன் போடறீங்கன்னா இன்டர்லாக் சாக்கெட் போடுங்க. பிளக் உள்ள இல்லாம சுவிட்ச் ஆன் ஆகாது, சுவிட்ச் ஆன்ல இருந்தா பிளக் வெளிய வராது, ஆஃப்ல வச்சு பூட்டு போட ஓட்டையும் இருக்கும். எலக்ட்ரிக்கல் பிளக்குக்கு நான் பாத்ததுல நல்ல லாக் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், ஏன்னா இது பிளக்கையும் கரண்ட்டையும் சேத்து பூட்டுது.

கேள்வி (வாலாஜா): எலக்ட்ரிக் கார் சார்ஜர் பிளக் சில நேரம் வரவே மாட்டேங்குது. பலமா இழுக்கலாமா?

இழுக்காதீங்க. டைப் 2ங்கற கார் சார்ஜிங் பிளக்கை கார் உள்ளேர்ந்து ஒரு மோட்டார் ஊசி பூட்டி வச்சிருக்கும், சார்ஜ் ஓடும்போது யாரும் உருவக் கூடாதுன்னு. மொதல்ல சார்ஜை நிறுத்துங்க, கதவு அன்லாக் அமுக்குங்க, பிளக்கை உள்பக்கமா ஒரு தள்ளு தள்ளிட்டு திரும்ப அன்லாக் அமுக்குங்க. கேபிள் எடையில பிளக் தொங்கிட்டு இருந்தா ஊசி சிக்கிக்கும், தள்ளினா விட்டுடும். அப்பவும் வரலன்னா நெறைய கார்ல டிக்கி பக்கமோ பானெட் உள்ளயோ கையால இழுக்கற ஒரு கயிறு வச்சிருப்பாங்க, எங்க இருக்குன்னு மேனுவல்ல பாருங்க, சார்ஜிங் நின்னப்புறம் மட்டும் அதை இழுங்க. டிசி ஃபாஸ்ட் சார்ஜர்ல இன்னும் ஜாக்கிரதை. வீட்டு ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல செகண்டுக்கு 100 வாட்டி பூஜ்யத்தை தொடும், அதனால ஸ்பார்க் தானா அணைஞ்சிடும். டிசிக்கு அந்த பூஜ்யமே கெடையாது, இழுத்த தூரத்துக்கு நெருப்பும் கூடவே நீளும்.