சிங்கப்பூர் கப்பல் சுற்றுலா: விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

கேள்வி: மே மாதம் நான், கணவர், பத்தாம் வகுப்பு முடித்த மகன், 68 வயது மாமியார் என நான்கு பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்குக்கு மூன்று இரவு கப்பல் பயணம் செய்ய நினைக்கிறோம். கப்பலுக்கு மட்டும் தலைக்கு 38,500 ரூபாய் என்கிறார் டிராவல்ஸ்காரர். பால்கனி அறை, டிரிங்க்ஸ் பேக்கேஜ், ஊர் சுற்றிக்காட்டும் டூர் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவிடச் சொல்கிறார். எதைக் குறைக்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த 38,500-க்குள் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். கப்பல் விளம்பரங்களில் வரும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., கப்பல் ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் ஆகியவை அதற்கு மேல் வரலாம். டிப்ஸ் என்றால் மனமிருந்தால் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று, உங்கள் மகனுக்கும் சேர்த்துக் கணக்கில் ஏறிவிடும். நான்கு பேருக்கும் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதில் பான் எண் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய மிச்சம் அறையில்தான் இருக்கிறது. ஜன்னல் இல்லாத உள் அறையில் தங்குபவருக்கும் பால்கனி அறையில் தங்குபவருக்கும் அதே சாப்பாடு, அதே நீச்சல் குளம், அதே கலைநிகழ்ச்சி. மூன்று இரவுப் பயணத்தில் அறைக்குள் தூங்குவதைத் தவிர அதிகம் இருக்க மாட்டீர்கள். நால்வரும் ஒரே அறையில் தங்கினால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் வழக்கமாகக் குறையும். ஆனால் அந்த இரண்டு படுக்கைகளும் பெரும்பாலும் சுவரிலோ கூரையிலோ இருந்து இறக்கும் மேல் படுக்கைகள். ஏணி வைத்து ஏற வேண்டும். மகன் ஏறிவிடுவான். இன்னொன்றில் உங்களில் ஒருவர் ஏறத் தயார் என்றால் சரி. இல்லாவிட்டால் இரண்டு உள் அறைகளுக்கு விலை கேட்டு ஒப்பிடுங்கள். ஒரு பால்கனி அறையைவிட அது மலிவாக வந்தாலும் வரும். நால்வர் தங்கும் அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கு மட்டும் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தேதியில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில்தான் ஜூன் விடுமுறை தொடங்குகிறது. நம் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே விடுமுறை. மே முதல் பாதியில், வெள்ளி, சனிக்கிழமைகளைத் தவிர்த்துக் கிளம்பும் பயணங்களின் விலையையும் பாருங்கள்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் உங்கள் குடும்பத்துக்குத் தேவையே இல்லை. பஃபேயில் தண்ணீர், டீ, காபி கிடைக்கும். காசு கேட்பது மதுவுக்கும் குளிர்பானத்துக்கும்தான். மாமியார் சைவம் என்றால் அதை இப்போதே பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

டூர் விஷயம் துறைமுகத்தைப் பொறுத்தது. பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற துறை, அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கும் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம். தமிழ் பேசியே ஊர் சுற்றலாம். அங்கே டூருக்குப் பணம் கட்டுவது வீண். கப்பல் மலேசியாவின் இன்னொரு துறைமுகமான போர்ட் கிளாங்கில் நின்றால் கதை வேறு. கோலாலம்பூர் அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. வயதானவரை வைத்துக்கொண்டு அங்கே அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். கப்பல் புக்கெட் போவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. திரும்பி ஏறுவதற்குக் கணக்கு கப்பல் நேரம்தான்.

செல்போனை நடுக்கடலில் ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், மாமியாருடையதையும் சேர்த்து. கப்பலில் போன் தானாகப் பிடிக்கும் கடல்வழி நெட்வொர்க், நீங்கள் போட்டுப் போகும் சாதாரண ரோமிங் பேக்கில் அடங்காது. சும்மா பையில் கிடக்கும் போனே பெரிய பில்லை வரவழைத்துவிடும்.

சிங்கப்பூர் விசா 'மல்டிபிள் என்ட்ரி'யா என்று பாருங்கள். கப்பலில் கிளம்பித் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை எஸ்.ஜி. அரைவல் கார்டு என்பார்கள். அரசு தளத்தில் அது இலவசம். அதை நிரப்பித் தரக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கப்பலுக்கு மெரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம் வரை ரயிலில் போகலாம். மெரினா பே குரூஸ் சென்டர் அங்கிருந்து நடக்கிற தூரம். ஆனால் கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்குவது மட்டும் வேண்டாம். விமானம் தாமதமானால் கட்டிய பணம் மொத்தமும் போய்விடும். முந்தைய நாளே போய் செராங்கூன் ரோடு பக்கம் ஒரு சிக்கன அறையில் தங்குங்கள். பயணக் காப்பீட்டையும் குறைக்காதீர்கள். கப்பலில் டாக்டர் பார்த்தால் பில் கனமாக வரும்.

கேள்வி: கப்பல் பயணத்துக்கு 60,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் இரண்டு மாதம் முன்பே ரத்து செய்தேன். ஒரு பைசாகூடத் தர முடியாது என்கிறார் ஏஜென்ட்.
- வாசகர், மதுரை

பதில்: கிளம்ப எத்தனை நாள் இருக்கும்போது ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கப்பல் நிறுவனத்துக்கு ஓர் அட்டவணை இருக்கும். அதையும், உங்கள் பெயரில் கப்பல் நிறுவனம் கொடுத்த புக்கிங் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். எண் இல்லை என்றால் பணம் கப்பலுக்குப் போகவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டியதுதான். பயணமே செய்யாதவருக்குத் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன; அதையும் தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ரத்து செய்து அனுப்பிய செய்தி மூன்றையும் தேதி தெரியும்படி இன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள்.