ஐஈஎல்டிஎஸ் லிசனிங்கில் 23-இலேயே நிற்கிறேன், 30-க்கு ஏறுவது எப்படி? (திருகோணமலை, வகுப்பு வசதி இல்லை)

கேட்டவர் தமிழ்மொழி மூலம் ஏ/எல் படித்தவர். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்காக நாளுக்கு ஒரு மாதிரித்தாள் செய்கிறார், லிசனிங்கில் (கேட்டல் பகுதியில்) 40-இல் 22, 23 என்று நிற்கிறது, பாண்ட் எனும் தரப்புள்ளி 7 வேண்டும், வகுப்புக்குப் போகாமல் முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஆனால் நாளுக்கு ஒரு தாள் என்பதை இன்றோடு நிறுத்துங்கள். சுமாராக 23 சரி என்றால் பாண்ட் 6, 30 சரி என்றால் 7, 35 சரி என்றால் 8. தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு கூடிக் குறையும். ஆக உங்களுக்கு வேண்டியது இன்னும் 7 கேள்வி. அந்த ஏழும் ஏன் போகிறது என்று தெரியாமல் புதுத்தாள் செய்துகொண்டே போனால் அதே ஏழு அடுத்த தாளிலும் போகும். வாரத்துக்கு ஒரு முழுத்தாள் போதும். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பரீட்சையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பகுதி, பகுதிக்குப் பத்துக் கேள்வி, மொத்தம் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். முதற்பகுதி இருவர் பேசும் அன்றாட விஷயம், இரண்டாவது ஒருவர் மட்டும் பேசுவது, மூன்றாவது படிப்பு சம்பந்தமான உரையாடல், நாலாவது விரிவுரை. அகடெமிக், ஜெனரல் என்ற இரு வகைப் பரீட்சைக்கும் லிசனிங் ஒன்றே. பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. 2020-க்கு முந்திய தாள்களில் முதற்பகுதியில் ஒரு உதாரணக் கேள்வி இருக்கும். இப்போது அது இல்லை. பழைய தாளில் பழகியவர்கள் காது தயாராகும் முன்பே முதல் விடையைத் தவறவிடுவது இதனால்தான்.

இனி முக்கியமான வேலை. ஒரு கொப்பி எடுத்து நாலு நிரல் கீறுங்கள்: கவனம், ஒலி, சொல், எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தாளை நிறுத்தாமல் செய்து திருத்துங்கள். எது பிழை என்று மட்டும் பாருங்கள், சரியான விடையையும் எழுத்துப்படியையும் (ஒலிப்பதிவில் பேசியதை அப்படியே எழுதிய பிரதி) பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை, பிழைத்த கேள்விகள் வரும் இடத்தை மட்டும் மறுபடி போடுங்கள். இரண்டாம் தடவையில் தானாக விளங்கினால் அது கவனப்பிழை. அந்த நேரத்தில் கண் வேறு கேள்வியில் நின்றிருக்கும், அல்லது முந்திய விடையை எழுதிக்கொண்டிருந்திருப்பீர்கள். மூன்று தடவை போட்டும் பிடிபடவில்லை என்றால் எழுத்துப்படியைத் திறவுங்கள். கண்ணால் பார்த்தவுடன் தெரிந்த சொல்லாக இருந்தால் ஒலிப்பிழை. பார்த்தும் விளங்காவிட்டால் சொற்பிழை. சரியாகக் கேட்டும் எழுதும்போது தவறினால் எழுத்துப்பிழை.

தமிழ்மொழி மூலம் படித்து ஆங்கிலம் ஓரளவு நன்றாக வாசிக்கக்கூடியவர்களுக்குப் பெரும்பாலும் ஒலி நிரல்தான் நிரம்பும். காரணம் எளிது. நம் ஆசிரியர்கள் ஒவ்வொரு அசையையும் முழுதாக உச்சரித்தே சொல்லித் தந்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் அழுத்தம் விழும் அசையை மட்டும் முழுதாகச் சொல்லி மிச்சத்தை விழுங்கிவிடுவார். நமக்கு 'கம்ஃபர்ட்டபிள்' நாலு அசை, அவருக்கு 'கம்ஃப்டபிள்' மூன்று. 'வெஜிடபிள்' என்பது 'வெஜ்டபிள்' ஆகும். 'ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் ஹிம்' என்று தாளில் நாலு சொல்லாக இருப்பது காதில் 'ஷுடவாஸ்டிம்' என்று ஒரே சொல்லாக விழும். இதற்குச் சொல் மனனம் செய்து பயனில்லை, காதைத்தான் பழக்க வேண்டும்.

பழக்கும் முறை இது. ஒலிப்பிழை வந்த இடத்தில் 5 முதல் 10 விநாடித் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஏ-பி ரிப்பீட் வசதி, அதாவது ஒரு துண்டையே திரும்பத் திரும்பப் போடும் வசதி உள்ள பிளேயர் இருந்தால் போதும். கேட்டதை ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கள். ஐந்து தடவை வரை கேட்கலாம். பிறகு எழுத்துப்படியோடு ஒப்பிட்டு, நீங்கள் விட்ட சொற்களைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். சிவப்பில் வருவது பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான்: 'ஆஃப்', 'ஹாவ்', 'டு', 'அட்', 'தெம்'. கடைசியாக அந்தத் துண்டை ஒலிப்பதிவோடு சேர்ந்து, அதே வேகத்தில், அதே விழுங்கலோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாய் அப்படிச் சொல்லப் பழகிவிட்டால் காது அதைத் தவறவிடாது. நாளுக்கு மூன்று அல்லது நாலு துண்டு, முக்கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் காது களைத்துவிடும், செய்வதும் வீண்.

சில ஒலிகளைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' குழப்பத்தில் பலர் ஒரு புள்ளி விடுவார்கள். பதின்மூன்றில் பின்பாதி நீளும், முப்பதில் முன்பாதி அழுந்தும் என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். தனியாகச் சொல்லும்போது அது சரி. ஆனால் 'தேர்ட்டீன் பீப்பிள்' என்று பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் பதின்மூன்றிலும் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். அப்போது நம்பக்கூடியது சொல்லின் முடிவில் வரும் 'ன்' ஒன்றுதான்.

'கேன்', 'கான்ட்' இன்னொன்று. அமெரிக்கர் 'கேன்ட்' என்று சொல்லும்போது கடைசி 'ட்' பெரும்பாலும் கேட்காது. அழுத்தமில்லாமல் 'கன்' என்று ஓடினால் முடியும், அழுத்தி 'கேன்' என்று நின்றால் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியர் வாயில் 'ஏ' என்ற எழுத்து 'ஐ'க்குக் கிட்ட வரும், 'டுடே' கிட்டத்தட்ட 'டுடை' ஆகும். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் முதற்பகுதியில் இது ஆளைக் கவிழ்க்கும். பிரித்தானியர் 'ஆர்' எழுத்தை வெறும் 'ஆ' என்பார், கடைசி எழுத்தை 'ஸெட்' என்பார், அமெரிக்கர் 'ஸீ' என்பார். தொலைபேசி இலக்கத்தில் பூச்சியம் 'ஓ' ஆகும், 'ஃபைவ் டபிள் ஓ செவன்' என்றால் 5007. வீட்டில் யாரையாவது பெயர்களையும் இலக்கங்களையும் வேகமாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பழகலாம், ஆனால் நம் உச்சரிப்பில் அல்லாமல் ஒலிப்பதிவிலும் பழக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசனில் வெள்ளைக்காரரோடு பேசினால் லிசனிங் தானாக வரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேசுங்கள், ஸ்பீக்கிங்கிற்கு நல்லது, கூச்சம் போகும். லிசனிங்கிற்கு அது போதாது. அவர்கள் நமக்காக வேகத்தைக் குறைத்து, எளிய சொல்லாக எடுத்துப் பேசுவார்கள், விளங்காவிட்டால் திருப்பியும் சொல்வார்கள். பரீட்சையில் அந்தத் தயவு இல்லை. அவர்கள் இருவர் தங்களுக்குள் பேசுவதுபோலத்தான் ஒலிப்பதிவு இருக்கும்.

அடுத்தது பொறிகள். விடையை முதலில் தவறாகச் சொல்லி, பிறகு மாற்றுவது இந்தப் பரீட்சையின் வழக்கமான வேலை. வகுப்பு 12ஆம் திகதி என்பார், 'ஆக்சுவலி' என்று இழுத்து 14ஆம் திகதி என்பார். 'பட்', 'சாரி', 'இன்ஸ்டெட்', 'ஒரிஜினலி', 'யூஸ்ட் டு' என்ற சொற்கள் வந்தால் எழுதிய விடையை உடனே சந்தேகியுங்கள். பேச்சு அந்த விஷயத்தை விட்டு அடுத்ததற்கு நகரும்வரை பென்சிலால் லேசாக எழுதி வைத்திருப்பதே நல்லது.

இன்னொன்றை ஆழமாக மனதில் வையுங்கள். இடைவெளி நிரப்பும் கேள்வியில் நீங்கள் எழுத வேண்டிய சொல் அப்படியே ஒலிப்பதிவில் வரும், அதைச் சுற்றியுள்ள வாக்கியம் மட்டும் வேறு சொற்களில் இருக்கும். பல்தேர்வுக் கேள்வியில் இது தலைகீழ். தெரிவிலுள்ள சொல் அதே உருவில் காதில் விழுந்தால் அது பெரும்பாலும் பிழையான தெரிவு, சரியானது வேறு சொற்களில் வரும். 23-இல் நிற்பவர்கள் மூன்றாம் பகுதியில் விடுவது இப்படித்தான். அங்கே யார் சொன்னார், மற்றவர் ஒத்துக்கொண்டாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 'ஐ ஸீ வாட் யூ மீன், பட்' என்று மரியாதையாகத் தொடங்கினால் அவர் மறுக்கப்போகிறார்.

வரைபடக் கேள்விக்குப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தேவைப்படுவது ஏறக்குறைய இருபது இடச்சொற்கள்தான்: 'ஆப்போசிட்', 'ஜஸ்ட் பாஸ்ட்', 'அட் த ஃபார் எண்ட்', 'நெக்ஸ்ட் டு', 'இன் த கார்னர்', 'ஆன் யுவர் லெஃப்ட் ஆஸ் யூ கம் இன்' போன்றவை. தெரிந்த இடத்தை வைத்துப் பழகுங்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஒரு வரைபடம் கீறுங்கள். உள்ளே நுழைந்து கோயிலைப் பார்த்து நடந்தால் இடக்கைப் பக்கம் பேக் பே, வலக்கைப் பக்கம் டச்சுக் குடா. மான் நிற்கும் இடம், செருப்புக் கழற்றும் இடம், கடைகள் எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வழி சொல்லுங்கள். ஒரு வாரம் சொன்னால் அந்தச் சொற்கள் காதில் விழுந்தவுடன் கண் தானாகத் திரும்பும். பரீட்சையில் ஒலி தொடங்குமுன் 'நீங்கள் நிற்கும் இடம்' எது, வடக்கு எந்தப் பக்கம் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கத் தரும் நேரம் உங்கள் புள்ளியில் பெரும்பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கிடைக்கும் சொற்ப நேரத்தில் கேள்வியின் முக்கியச் சொல்லுக்குக் கீழே கோடிட்டு, இடைவெளியில் வரப்போவது இலக்கமா, பெயரா, ஒருமையா, பன்மையா என்று ஊகிக்க வேண்டும். முன்னால் 'ஏ' இருந்தால் ஒருமை, 'டூ' அல்லது 'மெனி' இருந்தால் பன்மை. நம்மவர்கள் கடைசி 'எஸ்'ஸைக் கேட்காமல் விடுவது அதிகம், இலக்கணம்தான் அதைக் காப்பாற்றும். ஒரு பகுதி முடிந்ததும் 'சரிபார்க்க அரை நிமிடம்' என்று குரல் சொல்லும். அந்த அரை நிமிடத்தில் அடுத்த பகுதியின் கேள்விகளை வாசியுங்கள். நாலாம் பகுதி நடுவில் நிற்காமல் ஓடும் என்பதால் அதன் பத்துக் கேள்வியையும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். ஓடும்போது கண் எப்போதும் இரண்டு கேள்வியில் இருக்கட்டும்: இப்போதையது, அடுத்தது. அடுத்ததன் சொல் கேட்டுவிட்டால் முந்தியது போய்விட்டது. அதை விட்டுவிட்டு நகருங்கள், பின்னால் ஊகித்து எழுதலாம்.

எழுத்துப்பிழையோடு எழுதிய விடைக்குப் புள்ளி கிடைக்காது. 'அக்கொமடேஷன்' சொல்லில் இரண்டு சீ, இரண்டு எம். 'கவர்ன்மென்ட்', 'என்வைரன்மென்ட்' இரண்டிலும் எம்முக்கு முன் ஒரு என். 'ஃபோர்ட்டி'யில் யூ வராது. 'வென்ஸ்டே'யில் ஒலிக்காத டீ உண்டு. பிரித்தானிய, அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்பார்கள். 'இரண்டு சொல்லுக்கு மேற்படாமல்' என்றால் மூன்றாவது சொல் எழுதினால் விடை முழுதும் பிழை. தாளில் 'ரோட்' என்று ஏற்கனவே அச்சிட்டிருந்தால் நீங்கள் மறுபடி 'ரோட்' எழுதக்கூடாது.

எதைக் கேட்பது? கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அசல் தாள்களைத் தவிர வேறு மாதிரித்தாளை நம்ப வேண்டாம். இணையத்தில் கிடைப்பவற்றில் பொறிகள் வேறு மாதிரி இருக்கும், விடையே பிழையாகவும் இருக்கும். தாளுக்கு வெளியே, எழுத்துப்படி உள்ளதை மட்டும் எடுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் தொடங்க ஏற்றவை. நாலாம் பகுதிக்கு, தமிழில் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயத்தில் ஆங்கில விரிவுரை தேடுங்கள்: நம் கடலில் வரும் நீலத்திமிங்கிலம், புறாத்தீவின் பவளப்பாறை, 2004 சுனாமி. விஷயம் தெரிந்திருந்தால் மனம் முழுதும் ஒலியில் நிற்கும். 1.25 மடங்கு வேகத்தில் கேட்பது பற்றிச் சிலர் சொல்வார்கள். சாதாரண வேகத்தில் எழுத்துப்படி இல்லாமல் விளங்கிய பிறகே அதைச் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதியர் ஓஈடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை) எடுப்பதாக இருந்தால் லிசனிங் அமைப்பே வேறு. அங்கே மூன்று பகுதி, 42 கேள்வி, அதில் 24 நோயாளியின் உரையாடலைக் கேட்டுக் குறிப்பு நிரப்புவது. கொப்பி முறை அதற்கும் பொருந்தும், தாள்கள் பொருந்தாது.

பதியும்போது கணினியா தாளா என்று பாருங்கள். தாளில் என்றால் கடைசியில் விடைகளைப் பெயர்த்து எழுத 10 நிமிடம் தருவார்கள். கணினியில் 2 நிமிடம்தான், அதுவும் சரிபார்க்க மட்டும். கணினி என்றால் பயிற்சியையும் தட்டச்சிலேயே செய்யுங்கள். கேட்டுக்கொண்டே தட்டுவது தனிப் பழக்கம். கடைசி இரண்டு வாரம் காற்றாடிச் சத்தமும் வீதிச் சத்தமும் வரும் அறையிலேயே தாள் செய்யுங்கள்.

பரீட்சை கொழும்பில் என்றால் இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலை இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள். லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளை இல்லாமல் நடக்கும், பெரும்பாலும் முதலில் வருவது லிசனிங். தூக்கமில்லாத காது முதற்பகுதியிலேயே இரண்டு மூன்று புள்ளியை விடும். முதல் நாள் பகலே போய்ச் சேருங்கள். தொடங்குமுன் ஹெட்போனைச் சோதிக்க விடுவார்கள். ஒரு பக்கம் குறைவாகக் கேட்டாலும், இரைச்சல் வந்தாலும் அப்போதே கையை உயர்த்துங்கள். ஒலிப்பதிவு தொடங்கிய பிறகு சொன்னால் உங்களுக்காக அதைத் திருப்பிப் போடமாட்டார்கள்.