நூக்கின் தோல் படகுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களாகக் கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். கிரீன்லாந்தின் தலைநகரான நூக்குக்கு நேரடி விமானம் விட்ட பிறகு, இந்தக் கோடையில் குடும்பத்தோடு அங்கே போய்வந்தோம். பழைய துறைமுகத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கு மிக ஆர்வமாகப் போனேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். கடல் வரலாறு என்றால் கப்பல், பீரங்கி, மாலுமிகளின் நாட்குறிப்பு என்று மனதில் ஒரு படம் இருந்தது. அங்கே இருந்ததெல்லாம் தோலும் எலும்பும் கட்டைகளும். பிறகு மம்மிகள் உள்ள அறை. கண்ணாடிக்குள் அந்தக் கைக்குழந்தையைப் பார்த்ததும் என் மனைவி வெளியே போய்விட்டாள். இறந்தவர்களை இப்படிக் காட்சிக்கு வைப்பது சரியா?

இன்னொன்று. அங்கே குன்றின்மேல் நிற்கும் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியாரின் சிலையைக் காட்டி, இவருக்கும் உங்கள் தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டு என்றார் உடன் வந்த டேனிஷ் நண்பர். நிஜமாகவா? அடுத்து ஓஸ்லோ போய் ஃப்ராம் கப்பலைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதாவது ஏமாற்றாது என்று நம்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் தேடிய கப்பல்கள் அங்கேதான் இருந்தன. தோல், எலும்பு, கட்டை என்று நீங்கள் தாண்டிப் போனவைதான் அவை. ஆர்க்டிக்கின் கடல் வரலாற்றில் பாதிக்கு மேல் பெண்கள் ஊசியால் தைத்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் நூக் அருங்காட்சியகத்துக்குள் போனால் யாருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம். கிரீன்லாந்தில் படகு கட்டும் அளவுக்கு மரம் வளர்வதில்லை. அங்கே மரம் கடலிலிருந்து வருகிறது. சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கட்டைகள் பனிக்கட்டியில் சிக்கி, வருடக்கணக்கில் ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து, கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, தெற்கு முனையைச் சுற்றி மேற்குக் கரையிலும் ஒதுங்குகின்றன. ஒதுங்கியதைப் பொறுக்கிச் சீவி, ஆணி இல்லாமல் தோல் வாரால் கட்டினால் அதுதான் கயாக் என்ற ஒற்றையாள் படகின் எலும்புக்கூடு. கட்டுகளுக்குக் கொஞ்சம் நெகிழ்வு இருப்பதால் அலை முறுக்கினாலும் சட்டம் உடையாது. ஆனால் சட்டம் மட்டும் மிதக்காது. மேலே சீல் என்ற கடல்விலங்கின் தோலைப் போர்த்த வேண்டும். தோலைத் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் ஒரு சொட்டு நீர்கூட நுழையக் கூடாது.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும். இரண்டு தோல்களின் ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு வரிசை தைக்கிறார்கள். ஊசி கீழ்த் தோலின் பாதிக் கனத்துக்குள் புகுந்து, மறுபக்கம் எட்டிப் பார்க்காமலேயே வெளியே வந்துவிடும். பிறகு புரட்டிப்போட்டு, அடுத்த ஓரத்தில் அதேபோல் இன்னொரு வரிசை. ஆக, முழுப் படகிலும் தோலை ஊடுருவிய துளை என்று ஒன்று இருக்காது. நூலும் பருத்தி நூல் இல்லை, விலங்கின் தசைநார். நனைந்ததும் ஊதி, தன் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் கொழுப்புப் பூச்சு. எலும்பு ஊசியில் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பின்னால் ஐரோப்பியத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த இரும்பு ஊசிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

கயாக் பொதுப்படையான அளவில் செய்யப்படுவதும் இல்லை. ஜாக்கெட் தைக்க அளவெடுப்பதுபோல ஆளின் உயரம், இடுப்பு, கைநீளம் பார்த்துச் செய்வது. வேட்டைக்காரன் உட்கார்ந்ததும் தொப்பி வைத்த தோல் அங்கியின் கீழ் விளிம்பைப் படகின் வாய் வளையத்தோடு இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் அதேபோல் இறுக்கம். இனி படகு கவிழ்ந்தாலும் உள்ளே நீர் போகாது, துடுப்பை வீசி நிமிர்ந்துவிடலாம். உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் அது. ஒரு தையல் விட்டால் ஆள் வீடு திரும்பமாட்டான். அந்த வீட்டில் தைத்தவளுக்கும் அது தெரியும்.

பக்கத்தில் இருந்த பெரிய படகைக் கவனித்தீர்களா? உமியாக். பெண்கள் துடுப்புப் போடும் படகு என்பதால் டேனிஷ்காரர்களும் அதைப் பெண்கள் படகு என்றே அழைத்தார்கள். கூடாரம், குழந்தைகள், நாய்கள், சட்டிபானை என்று ஒரு குடும்பமே அதில் ஏறிக் கோடை முகாமுக்குப் போகும். கிழக்குக் கரையைக் காக்கும் பனிக்கட்டி வளையத்தை ஐரோப்பியக் கப்பல்களால் தாண்ட முடியாமல் இருந்த காலத்தில், குஸ்தவ் ஹோல்ம் என்ற டேனிஷ் கடற்படை அதிகாரி இந்த உமியாக்குகளில்தான் கரையை ஒட்டியே போய் 1884இல் அம்மாசலிக் பகுதியை எட்டினார். துடுப்புப் போட்டவர்களில் கிரீன்லாந்துப் பெண்களும் உண்டு. ஆனால் பெயர் வாங்கியவர் ஹோல்ம்.

அவர் அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் ஒன்று, கூனித் என்பவர் மரத்தில் செதுக்கிய கடற்கரை வரைபடம். நீங்கள் கட்டை என்று எழுதியது இதைத்தான் என்றால் வருத்தப்படுவேன்! ஒரு துண்டில் கரை. அதன் ஒவ்வொரு குடாவும் முனையும் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும், ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கித் தொடர்ந்து வாசிக்க வேண்டும். இன்னொரு துண்டில் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகள். இருட்டில் கையுறைக்குள் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே கயாக் ஓட்டினார்கள் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். இவை ஹோல்முக்குக் கரையை விளக்கிச் சொல்வதற்காகச் செய்தவை. கரையின் ஒவ்வொரு வளைவும் கூனித்தின் தலைக்குள்ளேயே இருந்தது, அவருக்கு எதற்குக் கட்டை?

சரி, மம்மிகள். 1972இல் உம்மன்னாக் பக்கம், கீலகித்சோக் என்ற கைவிடப்பட்ட குடியிருப்பு அருகே, பறவை வேட்டைக்குப் போன இரண்டு சகோதரர்கள் ஒரு பாறைச் சரிவின் அடியில் கல் அடுக்கிய இரண்டு குழிகளைக் கண்டார்கள். உள்ளே எட்டுப் பேர்: ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். சுமார் 1475ஆம் ஆண்டைச் சேர்ந்தவர்கள். குளிரும் வறண்ட காற்றும் உடல்களைப் பதப்படுத்திவிட்டன. யாரும் எண்ணெய் தடவிச் சுற்றிவைத்தது அல்ல. அவர்களோடு கிடைத்த உடைகள் மட்டும் 78. உள்ளே போடும் சட்டை பறவைத் தோல், இறகு உடம்புப் பக்கமாக. வெளியே சீல் தோல். காலணிக்கும் உள்ளுறைக்கும் நடுவே திணித்த புல்கூட அப்படியே இருந்தது. பெண்களில் ஐந்து பேரின் முகத்தில் பச்சை குத்தியிருந்தார்கள். படகைத் தைத்த அதே கைத்தொழில்தான் இந்த உடைகளிலும் இருக்கிறது.

உங்கள் மனைவி வெளியே போனதில் தவறே இல்லை. அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குச் சாதாரணமாக நடந்து போகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. ஆனால் காட்சிக்கு வைத்தது சரியா என்ற கேள்வியோடு, யார் வைத்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

1897இல் ராபர்ட் பியரி என்ற அமெரிக்கத் துருவப் பயணி வடமேற்கு கிரீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட்டுகளை, அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளை, நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். சில மாதங்களில் நால்வர் காசநோயில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிசுக். அவருடைய மகன் மினிக் சிறு பையன். அவன் கண்முன்னால் அப்பாவுக்கு அடக்கம் நடந்தது. அது நாடகம். புதைத்தது துணி சுற்றிய ஒரு பொய்யுடல், எலும்புகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. வளர்ந்த பிறகு விஷயம் தெரிந்து அவற்றைக் கேட்டுப் போராடிய மினிக் 1918இல் இறந்தார், எலும்புகள் கிடைக்கவில்லை. நால்வரின் எச்சங்களும் ஊர் திரும்பி கானாக்கில் அடக்கமானது 1993இல்.

கீலகித்சோக் உடல்களும் ஆய்வுக்காகக் கோபன்ஹேகன் போயின. ஆனால் 1982இல் திரும்பி வந்தன. 1979இல் தன்னாட்சி கிடைத்ததும் கிரீன்லாந்துக்காரர்கள் முதலில் கையில் எடுத்த விஷயங்களில் அருங்காட்சியகமும் ஒன்று. 1982 தொடங்கி 2001 வரை டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 35,000 பொருட்கள் நூக்குக்கு வந்து சேர்ந்தன. வழக்கு, சண்டை எதுவும் இல்லாமல், இரண்டு பக்கத்து ஆய்வாளர்களும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டார்கள். எட்டுப் பேரில் யாரைக் காட்டுவது, யாரைக் காட்டாமல் வைப்பது என்பதை முடிவு செய்ததும் அவர்களுடைய வழித்தோன்றல்களின் நிறுவனம்தான். தங்கள் பாட்டிகளை அவர்கள் நமக்கு அறிமுகப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் நான் அந்த அறைக்குள் போனேன். படம் எடுக்கவில்லை. அதற்குமேல் வெளியூர்க்காரன் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

தரங்கம்பாடி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது சரி. சீகன்பால்கும் புளூட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக் அனுப்பி 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இந்த வேலைகளை மேற்பார்வையிட 1714இல் கோபன்ஹேகனில் ஒரு மிஷன் கழகம் நிறுவப்பட்டது. 1721இல் கிரீன்லாந்துக்குப் போன எகெடேயின் மிஷனும் அதே கழகத்தின் கீழ்தான் வந்தது. ஒரே அலுவலகத்து மேஜையில் தரங்கம்பாடிக் கடிதமும் கிரீன்லாந்துக் கடிதமும் அடுத்தடுத்துக் கிடந்திருக்கும். தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி அரை நூற்றாண்டு கழித்து, 1766இல், எகெடேயின் மகன் பவுல் கிரீன்லாந்து மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மொரேவியச் சபை என்ற இன்னொரு கிறித்தவ மிஷன் சபையாரும் அப்படித்தான்: 1733இல் நூக், 1760இல் தரங்கம்பாடி. 1845இல் தரங்கம்பாடியைப் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். கிரீன்லாந்தை விற்கவில்லை.

எகெடே போனது, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்த நார்ஸ் குடியேறிகளின் வாரிசுகளைத் தேடி. செந்நிற எரிக் என்ற நார்ஸ் தலைவர் தொடங்கிவைத்த அந்தக் குடியேற்றத்தைப் பற்றிய கடைசி எழுத்துப் பதிவு 1408இல் வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எகெடே வந்தபோது அங்கே இருந்தவர்கள் இனுயிட்டுகள் மட்டும். அந்தச் சிலைமேல் 2020இல் சிவப்புப் பெயின்டை ஊற்றினார்கள். எடுத்துவிடலாமா என்று நூக் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இருக்கட்டும் என்று 921 பேர், வேண்டாம் என்று 600 பேர். நீங்கள் அடுத்த முறை போனால் அந்தச் சிலையோடு நின்றுவிடாமல் கீழே கடலோரம் இறங்கிப் பாருங்கள். அலைக்குள் கடல் அன்னையின் கற்சிலை இருக்கிறது. மனிதர்கள் விதி மீறினால் அந்த அழுக்கெல்லாம் அவள் கூந்தலில் சேரும், சீல்களும் திமிங்கிலங்களும் அதில் சிக்கி மனிதர்களுக்குக் கிடைக்காமல் போகும், பூசாரி கடலடிக்குப் போய்ச் சிக்கெடுத்துவிட வேண்டும் என்பது கதை.

ஓஸ்லோ தாராளமாகப் போங்கள். ஃப்ராம் ஏமாற்றாது, கப்பலுக்குள்ளேயே ஏறி இறங்கலாம். ஆனால் போகுமுன் இது தெரிந்திருக்கட்டும். சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி 1881இல் மூழ்கிய ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பலின் சாமான்கள் 1884இல் தென்மேற்கு கிரீன்லாந்தில் கரையொதுங்கின. கயாக்குக்கு மரம் கொண்டுவந்த அதே நீரோட்டம்தான். இதை வைத்துத்தான் நார்வேயின் துருவப் பயணி நான்சென், பனியோடு மிதந்து துருவத்தைக் கடக்கலாம் என்று கணக்குப் போட்டார். பனி நெருக்கினால் வழுக்கி மேலே எழும்பும்படி உருண்டையான அடிவயிற்றோடு காலின் ஆர்ச்சர் கட்டிய கப்பல் ஃப்ராம். 1893 முதல் 1896 வரை பனியில் மிதந்து, முழுசாக வீடு திரும்பியது. அதற்கு முன் 1888இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் கடந்த நான்சென், திரும்பக் கப்பல் கிடைக்காமல் அந்தக் குளிர்காலம் முழுக்க நூக்கில் தங்கி கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஃப்ராமை விட்டு, கூட வந்த ஜொஹான்செனோடு துருவத்தை நோக்கி நடந்தபோது சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு போனதும் இரண்டு கயாக்குகளை. மூங்கில் சட்டம், சீல் தோலுக்குப் பதில் கித்தான்.

ஃப்ராமுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு நார்வே துருவப் பயணியான அமுண்ட்சனின் யோஆ நிற்கிறது. சின்னக் கப்பல், பலரும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கே சுற்றிப் பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியை முதலில் முழுதும் கடந்தது அதுதான். வழியில் இரண்டு குளிர்காலம் வட கனடாவின் இனுயிட்டுகளான நெட்சிலிக் மக்களோடு கழித்து, கலைமான் தோல் உடுப்பை எப்படித் தளர்வாகப் போடுவது என்று அமுண்ட்சன் அவர்களிடம் கற்றார். தென்துருவம் போனபோது அது கைகொடுத்தது. அங்கே ஒரு மணிநேரமாவது ஒதுக்குங்கள், மனைவியையும் அழைத்துப் போங்கள். அங்கே மம்மிகள் கிடையாது.